நாலு ஜிபிக்கு மேல் வாங்காது

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வீடியோ எடுப்பது என் பிழைப்பு. எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு மண்டபங்களில் லைட் பிடித்தேன். லைட்டிலிருந்து கேமராவுக்கு வந்தேன். இதில் சொல்லப் போவது என் மனைவியின் தம்பியைப் பற்றி. அவன் மேல் எனக்குப் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எழுதச் சுலபம்.

அவன் இஞ்சினியரிங் படித்தவன். சென்னையில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தான். பிடிக்கவில்லை என்று வந்துவிட்டான். மாயவரத்தில் ஒரு மாடியைப் பிடித்து ஸ்டுடியோ போட்டான். கண்ணாடிக் கதவு, ஏசி, டிரோன். நான் மெமரி கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவன். அவனுக்குச் சக்கரம் வைத்த பெட்டி. அவனைப் பார்த்தால் ஜனங்களுக்கு 'சார்' என்று வருகிறது. என்னைப் பார்த்தால் 'வீடியோக்காரரே'.

அவன் வீட்டுக்கு வந்தால் என் மனைவி வஞ்சிரம் வாங்கச் சொல்வாள். எங்களுக்கு என்றால் மத்தி.

"அவன் என்னிக்கோ ஒரு நாள் வர்றவன்" என்பாள்.

சரிதான். சரியாக இருப்பதால் சண்டை போடவும் வழி இல்லை.

திருவாரூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் எல்லா விசேஷமும் நான்தான் எடுத்திருக்கிறேன். பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு, புது வீடு, பையன் கல்யாணம். அந்த வீட்டம்மா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வருகிற சொந்தக்காரர்களிடம், "எங்க வீட்டு வீடியோ தம்பி" என்று காட்டுவார். சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். வேறு எந்த வீட்டிலும் எனக்கு அப்படி ஒரு பேர் இல்லை. அடுத்து அந்தப் பெண்ணின் கல்யாணம். அது எனக்குத்தான் என்று இருந்தேன். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அதற்கு முன்னால் அந்த வீட்டு ஐயாவுக்கு அறுபது வந்தது. பையனுக்குத் துபாயில் வேலை. லீவு கிடைக்கவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வெளக்கேத்துனதுலேருந்து தாலி ஏறுற வரைக்கும் ஒண்ணு விடாம எடுங்க தம்பி. நடுவுல கட் கிட் பண்ணிராதீங்க. அவன் பக்கத்துல ஒக்காந்து பாத்த மாதிரி இருக்கணும்."

"செஞ்சுடலாம்மா."

"இன்னொண்ணு. அவன் போன்ல பாத்து ஒரு தம்பியப் புடிச்சிருக்கான். மேல பறக்கவிட்டெல்லாம் எடுப்பாராம். அவரும் வருவாரு. ரெண்டு பேரும் எடுத்து அனுப்புங்க. ரெண்டையும் பாத்துட்டு தங்கச்சி கல்யாணத்த யாருக்குக் குடுக்கறதுன்னு சொல்றேன்னான்."

அம்மா சொல்லும்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தத் தம்பி எந்த ஊர் என்று கேட்டேன். மாயவரம் என்றார். டிரோன் வைத்திருக்கிறவன் மாயவரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவன் எனக்கு என்ன உறவு என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடமும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்று கோயிலில் ஏழெட்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஐயர், ஒரு ஹோமம், ஒரு கூட்டம். ஒருத்தர் புகை இன்னொருத்தர் கண்ணில். வீடியோக்காரர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றோம். அவன் வந்தான். கறுப்பு டீ சர்ட். "மாமா" என்று வாயெடுத்தான். நான் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

நான் ஒரே இடத்தில் நின்றேன். என் வழக்கம் அது. இடத்தைப் பிடித்தால் நகர மாட்டேன். அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். தரையில் படுத்தான். தூணுக்குப் பின்னால் போனான். கலசத் தண்ணீரைச் சல்லடை வழியாகத் தலையில் ஊற்றும்போது எல்லோரும் அவரவர் ஜோடியை எடுத்தோம். அவன் ஊற்றுகிற கைகளை எடுத்துக்கொண்டிருந்தான். பைத்தியக்காரன் என்று நினைத்தேன்.

கோயிலுக்குள் டிரோன் விடக்கூடாது. அதனால் எல்லாம் முடிந்த பிறகு இருவரையும் மாலையோடு காரில் ஏற்றி ஊருக்கு வெளியே வயல் பக்கம் அழைத்துப் போனான். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். வரப்பில் நடக்கவிட்டான். ஆயுசு முழுக்க வரப்பில் நடந்த மனுஷன், அன்றைக்குத்தான் புதிதாக நடக்கிற மாதிரி தடுமாறினார். அம்மா சிரித்தார். வாயில் கை வைக்காமல் சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு அத்தனை விசேஷம் எடுத்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை ஒரு நாளும் பார்த்ததில்லை. கூடப் போன நான் காருக்குப் பக்கத்தில் கேமராவை மடக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

பந்தியில் அம்மா, "தம்பி, வாங்க சாப்பிட" என்றார். எழுந்தேன். அவர் அவனைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்களுந்தான், ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பாயசம் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

என் கேமரா ஒரு ஃபைலை நாலு ஜிபிக்கு மேல் எழுதாது. நாலு நிறைந்ததும் அதை மூடிவிட்டு அடுத்ததைத் தானே திறந்துகொள்ளும். எடுப்பது நிற்காது. ஆனால் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குமுன் கண் இமைக்கிற நேரத்துக்குத் திரை கறுப்பாகும். இத்தனை வருஷத்தில் அது ஒரு பிரச்சினையாக வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. ஐயா தாலி கட்டுகிறார். முதல் முடிச்சு போடுகிறார். கறுப்பு. அடுத்த ஃபைலில் இரண்டாவது முடிச்சு.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தாலி கையில் எடுத்ததிலிருந்து மூன்றாவது முடிச்சு விழுகிற வரை யாரும் பட்டனைத் தொட மாட்டோம். எடிட்டிங்கிலும் அந்த இடத்தில் வெட்ட மாட்டோம். எந்த வீட்டிலும் ஒப்ப மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் பின்னால் ஒரு சண்டை வந்தாலும் வீடியோக்காரன் அறுத்ததால் வந்தது என்பார்கள். நானும் அதை நம்புகிறவன்தான்.

அதனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒட்டினேன். விளக்கு ஏற்றியதிலிருந்து தாலி வரை ஒரே ஃபைல். கறுப்பு போய்விட்டது. மூன்று முடிச்சும் ஒரே ஓட்டமாக விழுந்தது. பதினொரு ஜிபி.

பென்டிரைவில் போட்டேன். வாங்கவில்லை. இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. ஃபைல் பெரிது என்கிற அளவுக்குப் புரிந்தது. பென்டிரைவ் முப்பத்திரண்டு ஜிபி. பதினொன்று எப்படிப் பெரிதாகும்? கடையில் போய் அதே அளவில் இன்னொன்று வாங்கி வந்தேன். அதுவும் அதையே சொன்னது. காலியாக இருக்கிற பத்தாயத்தில் ஒரு மூட்டை நெல்லைக் கொட்ட முடியவில்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிய ஒரு வார்த்த கேளுங்களேன்."

"தேவையில்ல."

"கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?"

ஆமாம், குறைந்துதான் போவேன்.

ஆல்பம் பக்கங்களைப் பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது ஜிப் போட்டு அனுப்புவது வழக்கம். ஜிப் என்றால் அமுக்கிக் கட்டுவது. அது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வாங்கியபோது போட்டுக் கொடுத்த பழைய ஜிப் ஒன்று இருந்தது. அதை வைத்துப் பதினொரு ஜிபியையும் நேராகப் பென்டிரைவிலேயே அமுக்கச் சொன்னேன். முதல் தடவை பாதியில் கரண்டு போனது. மறுபடி போட்டேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் ஒரு பெட்டி வந்து நின்றது. ஓகே என்று ஒரே ஒரு பட்டன். அழுத்தினேன். பென்டிரைவில் ஃபைல் இருந்தது. நாலு ஜிபிக்கு ஒரு துளி குறைவு.

பதினொன்று நாலுக்குள் அடங்கிவிட்டது. இப்படி அமுங்கும் என்று எனக்கே தெரியாது. பென்டிரைவைப் பிடுங்கி, ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டி, பேனாவால் ஐயாவின் ஊரையும் விசேஷத்தையும் எழுதினேன். அன்று மத்தி கூட ருசியாக இருந்தது.

பக்கத்துக் கடலோர ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவரின் மருமகன் துபாய்க்குத் திரும்பிப் போகிறார் என்று அம்மா சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் போகிறவர்கள் கையில்தான் எல்லாம் போகும். ஊறுகாய், வடாம், மருந்து, பென்டிரைவ். நான் அம்மாவிடம் கொடுக்கப் போன அன்று என் மைத்துனனும் வந்திருந்தான். அவன் பென்டிரைவில் ஐயாவும் அம்மாவும் இருக்கிற சின்ன ஸ்டிக்கர். அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஆறு பார்ட்டா இருக்கும்மா" என்றான் அவன். "ஆறையும் கம்ப்யூட்டர்ல ஒரே எடத்துல போட்டுட்டு மொத பார்ட்டத் தொறக்கச் சொல்லுங்க. மத்தது தானா சேந்துக்கும்."

"என்னோடது ஒண்ணுதாம்மா" என்றேன். "முழுசு. துண்டு போடல."

"அதான் எனக்கும் வேணும். துண்டு துண்டா என்னத்துக்குத் தம்பி?" என்று அம்மா அவனைக் கேட்டார்.

எனக்கு மனசு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "எத்தன ஜிபி மாமா?"

"மாமாவா?" என்றார் அம்மா.

"என் அக்கா வூட்டுக்காரரும்மா."

"அட! ஒரே வீட்டுக்காரங்களா? ரெண்டு பேரும் வாயே தொறக்கலியே! நல்லாருக்கு கூத்து." ஐயாவை உள்ளேயிருந்து கூப்பிட்டார். "இஞ்ச வாங்க, இந்தக் கதையக் கேளுங்க!"

ஐயா வந்தார். கேட்டார். "அப்ப யாருக்குப் போனாலும் உங்க வீட்டுக்குள்ளதான்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவன் விடவில்லை. "எத்தன ஜிபி மாமா?"

"நாலுக்குள்ள."

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குமே, நாலுக்குள்ளயா?"

"அமுக்குனேன்."

அவன் வாயைத் திறந்தான். அம்மாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான். பொறாமைப்படுகிறான் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு என் மேல் பொறாமை. திரும்பி வருகிற பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

அம்மா இரண்டையும் ஒரு நகைக்கடைக் குட்டிப் பர்ஸில் போட்டு அனுப்பினார்.

கொஞ்ச நாள் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ஒங்களோடது தொறக்கலியாம்."

"நல்லா பாக்கச் சொல்லுங்கம்மா."

"பாத்துட்டான். ஒடஞ்சிருக்குன்னு காட்டுதாம். இன்னொருத்தர் கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாத்தானாம்."

"மத்தது?"

"அது தொறந்துடுச்சு."

அது திறந்துவிட்டது. மனைவி வந்து என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இன்னொரு பென்டிரைவில் மறுபடி அமுக்கிப் பார்த்தேன். அதே பெட்டி, அதே ஓகே, அதே நாலுக்குத் துளி குறைவு. இந்தத் தடவை அதைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கல்யாணம் கை நழுவிப் போகிறது, அதுவும் ஒரு பெட்டியைப் படிக்கத் தெரியாததால் போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவன் வந்து நின்றான். நான் கூப்பிடவில்லை. அவன் அக்கா கூப்பிட்டிருக்கிறாள்.

என் கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் ஒரு பக்கம் விதை நெல் மூட்டை கிடக்கும். அதன் மேல் உட்கார்ந்தான். லேப்டாப்பைத் தொடையில் வைத்துக்கொண்டான். நான் ஸ்டூலில்.

"எத்தன ஜிபி மாமா, ஒரிஜினல்?"

"பதினொண்ணு."

"வீடியோ அமுங்காது மாமா. அது கேமராவுலயே அமுங்கித்தான் வருது. அரிசியப் போட்டு மறுபடி குத்துனா நொய்தான் மிஞ்சும். அந்த மாதிரி."

"பின்ன எப்படி நாலுக்குள்ள வந்துச்சு?"

"வரல மாமா. இந்த பென்டிரைவ் ஒரு ஃபைல நாலுக்கு மேல வாங்காது. எடம் இருந்தாலும் வாங்காது. அது அப்படித்தான். நாலு ரொம்பினதும் ஒங்க ஜிப்பு நின்னு போச்சு. மிச்சம் ஏழு ஏறவே இல்ல. அந்தப் பழைய ஜிப்பும் நாலுக்கு மேல தாங்காது."

"பெட்டி வந்துச்சு."

"அதச் சொல்லத்தான் வந்துச்சு."

விரலைப் பார்க்காமல் தட்டினான். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்துகிறவன். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தன்னைப் பூட்டி உழுத இடத்தில் டிராக்டர் ஓடுவதைப் பார்க்கிற மாடு மாதிரி.

"பார்ட்டா பிரிச்சுடறேன்" என்றான்.

"எங்க வெட்டும்?"

"எங்கயாவது வெட்டும். நாலு நாலா அளந்து வெட்டும்."

"தாலி கட்டற எடத்துல வெட்டக்கூடாது."

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இது படத்த வெட்டறது இல்ல மாமா. ஒரு அம்பாரம் நெல்ல நாலு சாக்குல புடிக்கிறோம்ல? சாக்கு எங்க ரொம்புதோ அங்க கட்டறோம். அங்க போயிக் கொட்டுனா மறுபடி ஒரே அம்பாரந்தான். ஒரு மணி கூடக் கொறயாது. தாலியும் அறுபடாது."

எனக்குப் புரிந்தது. ஒரே தடவையில் புரிந்தது. அதுதான் எரிந்தது. திமிராகச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

மனைவி டீ கொண்டு வந்தாள். முதல் டம்ளர் அவனுக்கு. அவன் அதை எனக்கு நீட்டினான். அதுவும் பிடிக்கவில்லை.

பார்ட் பார்ட்டாக ஏறிக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. மூட்டையில் உட்கார்ந்தபடியே எடுத்தான். குரல் எனக்கும் கேட்டது. துபாய்ப் பையன்.

"ஆமாண்ணே... நலங்குக்கே வந்துடறேண்ணே... மண்டபத்துல டிரோனுக்குக் கேட்டுட்டேன். ரெண்டு கேமரா உள்ள, ஒண்ணு வெளிய... சரிண்ணே, சரிண்ணே."

வைத்தான். என்னைப் பார்த்தான். வைத்த பிறகுதான் நான் அங்கே இருப்பது ஞாபகம் வந்த மாதிரி இருந்தது அவன் முகம்.

"எப்ப முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"மாமா..."

"பென்டிரைவ் பாத்தப்பறமா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் டம்ளரைப் பார்த்தாள்.

"அறுபதாம் கல்யாணத்தன்னிக்கே மாமா. சாயங்காலம் மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு எடிட் பண்ணி வாட்ஸப்ல போட்டேன். வரப்புல நடக்கறதெல்லாம் வச்சு. பாத்துட்டு ஒடனே கூப்பிட்டாரு. தங்கச்சி கல்யாணம் நீங்கதான்னாரு. பெருசு வரட்டும்ணேன்னு சொன்னேன். அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்னுட்டாரு."

"அப்ப என்னோடது தொறக்காததால இல்ல."

"இல்ல மாமா."

"அன்னிக்கி அந்த வீட்டுல எத்தன ஜிபின்னு கேட்டியே."

"ஏறியிருக்காதுன்னு அப்பவே தெரியும். அம்மா முன்னாடி எப்படிச் சொல்றது? அப்பறம் போன் பண்ணலாம்னு இருந்தேன். அக்காதான்..."

நிறுத்தினான். நான் மனைவியைப் பார்த்தேன்.

"நாந்தான் வேண்டாம்னேன்" என்றாள். "கல்யாணம் அவனுக்குப் போனதே ஒங்களுக்குத் தெரியாது. இதுல அவன் வேற வந்து தப்புன்னு சொன்னா, நீங்க தாங்கியிருப்பீங்களா?"

அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஐயாவுக்கும் அம்மாவுக்கும் அப்போது தெரியாது, பையன் சொல்லவில்லை. என் வீட்டில், என் அறையில், எனக்கு மட்டும் தெரியாது. அவனிடம் டிரோன் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. பொறுத்துக்கொண்டேன். என்னை வைத்து அவர்கள் இரண்டு பேரும் கூடிப் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் மனைவி என்னிடம் அப்படி ரகசியம் பேசியதே இல்லை.

"நீங்க வரணும் மாமா" என்றான். "தாலிக்கு நீங்கதான் நிக்கணும். எனக்கு அப்படி ஒரே எடத்துல நிக்க வராது."

"வரல."

"மாமா..."

"ஏறி முடிஞ்சுதுன்னா மூடிட்டுப் போ."

வெளியே போய் வாய்க்கால் ஓரம் நின்றேன். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவன் போயிருந்தான். பென்டிரைவ் விதை நெல் மூட்டை மேல் இருந்தது. பிளாஸ்திரியை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். பக்கத்தில் டீ குடித்த டம்ளர்.

அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். அம்மா வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பையன்தான் கல்யாணத்துக்கு வர்றானே தம்பி. வந்து எடுத்துக்கட்டும்."

பிறகு உள்ளே போய்த் தாம்பாளத்தோடு வந்தார். மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பத்திரிகை. ஐயாவும் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து நீட்டினார்கள்.

"குடும்பத்தோட முந்தின நாளே வந்துடணும்" என்றார் ஐயா. "எப்பப் பாத்தாலும் கேமராவும் கையுமா நின்னுட்டுக் கடைசிப் பந்தியில சாப்புடுவீங்க. இந்தத் தடவ நிம்மதியா மொதப் பந்தியில ஒக்காருங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த வீட்டுக்குள் நான் பத்திரிகை வாங்கிக்கொண்டு போனதே இல்லை. தோளில் பையோடுதான் போயிருக்கிறேன். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டேன். பேச வேண்டியதில்லை.

கல்யாணத்தன்று நான் போகவில்லை.

மனைவி காலையிலேயே பட்டுப்புடவை கட்டினாள். கதவருகில் நின்றாள்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா யாருக்கு நஷ்டம்?"

"நீ போய்ட்டு வா."

"அம்மா கேட்டா என்ன சொல்ல?"

"வேல இருக்குன்னு சொல்லு."

"என்ன வேல?"

அவள் பஸ்ஸுக்குப் போனாள். நான் வீட்டிலேயே இருந்தேன். கேமராவைத் துடைத்தேன். லென்ஸில் தூசி இல்லை. இருந்தாலும் துடைத்தேன். முகூர்த்த நேரம் வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இந்நேரம் ஐயர் கெட்டிமேளம் சொல்லியிருப்பார். கூட்டம் எழுந்து நிற்கும். எல்லோரும் கையில் அட்சதையோடு முன்னால் வருவார்கள். அந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று என் காலுக்குத் தெரியும். கால் தரையில் இருந்தது.

சாயங்காலம் மனைவி வந்தாள். முகத்தில் களைப்பும் சந்தோஷமும். பூ வாடியிருந்தது. ஒரு பையில் தேங்காயும் பலகாரமும். அவள் புடவை மாற்றப் போனாள். அப்போது என் போனில் சத்தம் வந்தது. அவன்தான். ஒரு வார்த்தை எழுதவில்லை. வீடியோ மட்டும்.

பார்க்கக் கூடாது என்று வைத்தேன். பிறகு எடுத்தேன்.

தாலி கட்டுகிறார்கள். முதல் முடிச்சு விழுகிறது. உடனே வெட்டியிருக்கிறான். அம்மாவின் முகம். பெண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். மறுபடி கை. இரண்டாவது முடிச்சு. வெட்டு. ஐயா. அட்சதையைப் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். மூன்றாவது முடிச்சு. வெட்டக் கூடாத இடத்தில் வெட்டியிருக்கிறான். குறை சொல்ல வாயைத் திறந்தேன். அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. நான் நின்றிருந்தால் கையை மட்டும்தான் எடுத்திருப்பேன். மூன்று முடிச்சும் ஒரே ஓட்டமாக விழுந்திருக்கும். அம்மாவின் முகம் இருந்திருக்காது. அத்தனை வருஷம் அந்த வீட்டில் எடுத்ததில் எதிலும் அம்மா முகம் இப்படி இல்லை.

இன்னொரு தடவை பார்த்தேன். இதை நான் எடுத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது. குறையவில்லை.

மனைவி தலையை முடிந்துகொண்டே வந்து பின்னால் நின்றாள்.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்த அனுப்புங்களேன். காத்துக்கிட்டிருப்பான்."

'நல்லாருக்கு' என்று எழுத்துத் தேடி அடித்தேன். பார்த்தேன். அழித்தேன். 'எத்தன எம்பி' என்று அடித்து அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'பதினஞ்சு மாமா.'

மனைவி போனை வாங்கிப் படித்தாள். என்னைப் பார்த்தாள். "இதுதான் கேக்கறதா?" என்றாள்.

போனை வாங்கி மூன்றாம் தடவை போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தம்பி எடுத்ததைப் பார்த்தாள். நான் அவள் பார்ப்பதைப் பார்த்தேன்.